மடிக்கும்போதுதான் விரிசல்

பிரிட்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மழை, ஈரம், அவ்வப்போது உறைபனி. அந்த நாட்டில்தான் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் கன்வெர்டிபிள் கார்மீது அப்படியொரு மோகம். 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. பனி கொட்டும் இரவில் அந்தக் கார்களின் கூரைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மறுநாள் லேசாக வெயில் எட்டிப்பார்த்ததும் ஆசையாகக் கூரையை இறக்குவார்கள். வினை அப்போதுதான்.

அந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் கூரை வினைல். பின் ஜன்னலும் கண்ணாடியல்ல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இரண்டுமே பி.வி.சி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான், ஆனால் அதை யாரும் மடிக்க முடியாது. கூரையை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள். அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கிறது. வெயிலிலும் வயதிலும் அது மெல்லக் கசிந்து குறைந்துபோகும். குளிரோ மிச்சமிருக்கும் அசைவையும் முடக்கிவிடும். அந்த நேரத்தில் மடித்தால் விசை முழுவதும் ஒரே கோட்டில் குவிந்து, பிளாஸ்டிக் வெடிக்கும். ஜன்னலைச் சுற்றி ஜிப் வைத்ததே இதற்காகத்தான்: முதலில் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைத்துவிட்டு, பிறகு கூரையை இறக்க வேண்டும். 1998 மாடலில் நிஜக் கண்ணாடியே வந்துவிட்டது. ஆனாலும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கூரையை இறக்காதீர்கள் என்று மாஸ்டாவின் கையேடு சொல்கிறது.

விலை கூடிய கார்களில் துணிக்கூரை இருக்கும். மேலே அக்ரிலிக் துணி, நடுவில் ரப்பர், அடியில் பருத்தி அல்லது பாலியஸ்டர். இந்த அடுக்குமுறைக்கு வயது இருநூறு. கிளாஸ்கோவின் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூசிய நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். குளிரில் அந்தத் துணியில் தைத்த மழைக்கோட்டு விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூடாக்கும் முறை வந்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. அதனால் துணிக்கூரை வினைலைவிடக் குளிரைத் தாங்கும். அதன் எதிரி ஈரம். நனைந்த துணியை மடித்து மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நெசவுக்குள் தங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்து இழைகளை நெம்பும். ஆகவே நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்ததா என்று பனிக்காலத்துக்கு முன்பே பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் சரி. துணி கருத்து ஊறினால், கழுவி நன்றாகக் காயவைத்து மறுபடி பூச வேண்டும்.

பனியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளினால் போதும். கண்ணாடி சுரண்டும் தகட்டைக் கூரையில் வைக்கவே கூடாது. ஓரத்து ரப்பர் பட்டைகளுக்கு சிலிக்கோன் தடவினால் ஜன்னல் அவற்றோடு உறைந்து ஒட்டாது; பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ரப்பர் உப்பிவிடும்.

கூரையைவிட எனக்குக் கவலை தருவது அதில் வழியும் தண்ணீர் போகும் இடம். எம்எக்ஸ்-5-இல் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன வடிகால் துளைகள் உண்டு. இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவுக்குக் கீழே இருக்கும் இரும்புப் பகுதி துருப்பிடிக்கும். புதுக் கூரை மாட்ட ஒரு நாள் போதும். அந்தத் துருவை வெட்டியெடுத்து வெல்டிங் வைப்பது அப்படி முடிகிற வேலையல்ல.