சம்பளம் இல்லாத தளபதி: அமெரிக்கச் சிறு கல்லூரிக் காற்பந்தில் ஒரே ஆட்டக்காரரைச் சுற்றி ஏன் இவ்வளவு வாக்குவாதம்?

தோட்டத் திடலில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகுதான் இன்னோர் ஆட்டம் தொடங்கும். "அந்தப் பையனைக் கோல் காவலுக்கு நிறுத்தினதே தப்பு" என்பார் ஒருவர். "அவன விட்டா வேற யாரு இருக்கா?" என்பார் மற்றொருவர். காப்பிக் கடையில் கோப்பை ஆறிப்போகும் வரை பேச்சு ஓயாது. இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர்.

இதே போன்ற வாக்குவாதம் அமெரிக்காவின் சிற்றூர்களிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால், அங்கே பேச்சு கோல் காவலரைப் பற்றியதல்ல. 'குவார்ட்டர்பேக்' எனப்படும் ஆட்டக்காரரைப் பற்றியது. செப்டம்பரில் பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, "இந்த ஆண்டு பந்து யார் கையில்?" என்ற கேள்வி எழுந்துவிடும். அணி எவ்வளவு தூரம் போகும் என்ற கணிப்பும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கோடீசுவர ஆட்டக்காரர்களைப் பற்றிய கதை அல்ல இது. விளையாடுவதற்காக ஒரு காசும் உபகாரச் சம்பளம் பெறாத மாணவர்களைப் பற்றியது.

முதலில் ஆட்டம் என்ன?

அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும் அல்லது எறிந்து பிடிக்க வேண்டும். திடலின் நீளம் 100 கெஜம். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 1 புள்ளி எடுக்கலாம். அல்லது 3 கெஜத் தொலைவிலிருந்து மீண்டும் எல்லைக்குள் நுழைந்து 2 புள்ளிகள் எடுக்கலாம்.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். எறிவதா, ஓடுவதா, அடுத்தவரிடம் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்ய இரண்டு, மூன்று விநாடிகளே கிடைக்கும். அதற்குள் எதிரணியின் தடித்த ஆட்கள் அவர்மீது பாய்ந்து வருவார்கள். நம் காற்பந்தில் நடுத்திடல் ஆட்டக்காரர், குழுத் தலைவர், கோல் காவலர் ஆகிய மூவரின் பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றினால் எப்படியோ, அப்படித்தான் அவர் நிலை. வென்றால் புகழ் அவருக்கு. தோற்றால் பழியும் அவருக்கே.

சிறு கல்லூரி என்பது எது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு, கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் பிரிவில் இருப்பவை பெரிய பல்கலைக்கழகங்கள். 2025 ஜூலை முதல், முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் விளையாட்டாளர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கவும் வழி பிறந்துள்ளது.

மூன்றாம் பிரிவு இதற்கு நேர் எதிர். 1973-இல் உருவான இந்தப் பிரிவில் இன்று 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 240 கல்லூரிகளில் காற்பந்து அணி உண்டு. இங்கே விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதி. படிப்புத் திறனுக்காகவும் குடும்ப வருமானம் குறைவு என்பதற்காகவும் கிடைக்கும் உதவி மட்டுமே உண்டு. மற்றபடி, அந்த மாணவரும் கட்டணம் கட்டிப் படிப்பவர்தான். வெள்ளிக்கிழமை வகுப்பு, சனிக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை மறுபடியும் வகுப்பு.

மாணவர் எண்ணிக்கை குறைவான கல்லூரி என்பதால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குவார்ட்டர்பேக்கைப் பற்றி மேல் படிக்கட்டில் ஒருவர் குறை சொன்னால், கீழே இரண்டு வரிசை தள்ளி அவருடைய தாயார் உட்கார்ந்திருக்கக்கூடும். வாக்குவாதத்துக்குத் தனி நிறம் வருவது இதனால்தான்.

பத்தே ஆட்டங்கள்

ஆங்கிலேயக் காற்பந்து லீக்கில் ஒரு குழுவுக்கு 38 ஆட்டங்கள். ஒன்றிரண்டில் தோற்றாலும் மீண்டுவர நேரம் இருக்கிறது. மூன்றாம் பிரிவில் ஓர் அணிக்கு வழக்கமாக 10 ஆட்டங்கள்தான். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதியில் முடிந்துவிடும். அதன் பிறகு வெளியேற்றுச் சுற்று. அதில் ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சுற்றுக்குள் நுழைவதும் எளிதல்ல. நீண்ட காலமாக 32 அணிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2024 முதல் 40 ஆனது. பெரும்பாலான இடங்கள் வட்டார லீக்குகளின் வெற்றியாளர்களுக்கே போகும். லீக்கை வெல்லாத அணிகள் எஞ்சியிருக்கும் சில இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். அந்த இடங்களை முடிவு செய்ய, வெற்றி தோல்வியோடு எதிரணியின் வலிமையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கீட்டு முறை 2024-இல் நடப்புக்கு வந்தது.

லீக்கில் முக்கியமான ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டால், பல அணிகளுக்குப் பருவமே கைநழுவிப் போகலாம். புதிய குவார்ட்டர்பேக்குக்குப் 'பழகிக்கொள்ள' என்று தனியாக மாதங்கள் கிடையாது. மழைக்காலத்தில் பால் வெட்டு நாள்கள் குறைந்துபோனால் ஒவ்வொரு நாளும் எவ்வளவு முக்கியமாகுமோ, அது போலத்தான்.

ரசிகர்கள் எதைப் பற்றி மோதிக்கொள்கிறார்கள்?

முதல் கேள்வி, அனுபவமா திறமையா என்பது. நான்காம் ஆண்டு மாணவருக்கு ஆட்டம் அத்துப்படி. ஆனால், முதலாண்டில் சேர்ந்த பையனின் கைவீச்சு இன்னும் வலுவாக இருக்கலாம். மூத்தவரை இறக்கினால் இந்த ஆண்டுக்கு நல்லது. இளையவரை இறக்கினால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு நல்லது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதால் இந்த வாதம் முடிவதே இல்லை.

இரண்டாவது, புள்ளிவிவரத்தை நம்பலாமா என்பது. மூன்றாம் பிரிவில் வலுவான அணிக்கும் பலவீனமான அணிக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. 50, 60 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டங்கள் முடிவது அங்கே அதிசயமல்ல. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் ஐந்து முறை புள்ளி சேர்த்தார் என்பது பெரிய சான்றாகாது. அதனால்தான் விவரம் தெரிந்த ரசிகர்கள், "வலுவான இரண்டு எதிரணிகளிடம் என்ன செய்தான், அதைச் சொல்" என்று மடக்குவார்கள்.

மூன்றாவது, அவருக்கு முன்னால் நிற்கும் ஐவர். பாய்ந்து வரும் எதிரணியைத் தடுத்து, குவார்ட்டர்பேக்குக்கு அந்த மூன்று விநாடிகளை வாங்கிக் கொடுப்பவர்கள் அவர்களே. அந்த ஐவரில் மூவர் பட்டம் பெற்றுப் போய்விட்டால், சென்ற ஆண்டின் நாயகன் இந்த ஆண்டு திணறுவார். பார்ப்பவர்கள் பந்து வைத்திருப்பவரையே பார்ப்பதால், பழி அவர்மீது விழுகிறது.

செயிண்ட் ஜான்ஸ் காட்டும் பாடம்

மினசோட்டா மாநிலத்தில், பெனடிக்ட் துறவியர் மடத்தையொட்டி அமைந்திருக்கிறது செயிண்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஜான் ககிலியார்டி என்ற பயிற்றுநர் 1953 முதல் 2012 வரை 60 பருவங்கள் பணியாற்றினார். அதற்கு முன் வேறொரு கல்லூரியில் பெற்றதையும் சேர்த்தால் அவருடைய வெற்றிகள் 489. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் எந்தப் பயிற்றுநரும் எட்டாத எண்ணிக்கை அது.

அவருடைய முறை விசித்திரமானது. பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் முட்டி வீழ்த்தக் கூடாது. விசில் கிடையாது. 'கோச்' என்று அழைக்காமல் 'ஜான்' என்றே அழைக்க வேண்டும். இப்படிப் பழகிய அணி 2003-இல் தேசிய இறுதியாட்டத்துக்குச் சென்றது. எதிரே ஒஹாயோ மாநிலத்தின் மவுண்ட் யூனியன், தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. செயிண்ட் ஜான்ஸ் 24-6 என்று வென்றது. மூன்றாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது இன்று ககிலியார்டியின் பெயரையே தாங்கியுள்ளது.

2018-இல் அந்த விருதைப் பெற்றவர் அதே செயிண்ட் ஜான்ஸின் குவார்ட்டர்பேக் ஜாக்சன் எர்ட்மன். அவர் முதலில் சேர்ந்தது பென் ஸ்டேட் என்ற பெரிய பல்கலைக்கழகத்தில். பின்னர் சொந்த மாநிலத்துக்குத் திரும்பிச் சிறு கல்லூரியில் விளையாடினார். மேலே இருந்து கீழே வந்தவர் என்றுதான் இதைப் பலர் பார்ப்பார்கள். ஆனால், விளையாட வாய்ப்புக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போவது தோல்வி அல்ல என்பதற்கு அவரே சான்று.

38-37

ஒரே ஆண்டைப் பார்த்து ஒருவரை எடைபோட முடியுமா என்று கேட்போர், 2023 தேசிய இறுதியாட்டத்தை நினைவுகூரலாம்.

இலினோய் மாநிலத்தின் நார்த் சென்ட்ரல் கல்லூரி அப்போது நடப்பு வெற்றியாளர். அதன் குவார்ட்டர்பேக் லூக் லேனன். எதிரே நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, நார்த் சென்ட்ரல் புள்ளி சேர்த்து 38-37 என்று நெருங்கியது. பந்தை உதைத்து 1 புள்ளி எடுத்தால் சமநிலை. 2 புள்ளிகளுக்கு முயன்று வென்றால் முன்னிலை. அணி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. முயற்சி கைகூடவில்லை. கார்ட்லண்ட் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது.

உதைத்திருக்க வேண்டுமா, துணிந்தது சரியா என்ற வாதம் எந்தக் காப்பிக் கடைக்கும் ஒரு வருடத்துக்குப் போதும். ஆனால், கதை அங்கே முடியவில்லை. மறு பருவத்தில் அதே லேனன் தலைமையில் நார்த் சென்ட்ரல் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. மவுண்ட் யூனியனை 41-25 என்று வீழ்த்திப் பட்டத்தை மீட்டது.

அணி மட்டுமல்ல, கல்லூரியும்

சிறு கல்லூரிகளில் பருவத்தைப் பற்றிய கவலைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு காற்பந்து அணியில் 100 பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் விளையாட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் கட்டணம் செலுத்தும் 100 மாணவர்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. மிச்சிகன் மாநிலத்தின் ஏட்ரியன் கல்லூரி, விளையாட்டு அணிகளைப் பெருக்கியே மாணவர் எண்ணிக்கையை உயர்த்தியதற்குப் பெயர் பெற்றது.

எல்லாக் கல்லூரிகளுக்கும் அது கைகொடுப்பதில்லை. காற்பந்து அணி வைத்திருந்த மிச்சிகனின் ஃபின்லாந்தியா பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. அலபாமாவின் பர்மிங்காம் சதர்ன் கல்லூரி 2024 மே 31-இல் கதவை அடைத்தது. அந்த நாளில் அதன் பேஸ்பால் அணி தேசியப் போட்டியில் விளையாடிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் "அடுத்த ஆண்டு யார் பந்து எறிவார்?" என்று கேட்க அடுத்த ஆண்டே இல்லாமல் போய்விட்டது. தோட்டம் துண்டாடப்பட்டுத் திடலும் பள்ளியும் இடம் மாறியதைக் கண்டவர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

பேசலாம், அளவோடு

ஆட்டத்தை விமர்சிப்பது ரசிகரின் உரிமை. எந்த நேரத்தில் எறிந்தார், யாரைக் கவனிக்கத் தவறினார், பயிற்றுநர் ஏன் அந்த முடிவை எடுத்தார் என்பதையெல்லாம் தாராளமாகப் பேசலாம். ஆனால், சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரரைத் திட்டுவது போல, 19 வயது மாணவரைப் பெயர் சொல்லித் திட்டுவது வேறு. அவருக்கு அந்தத் தோல்விக்கு ஈடாக எந்தக் காசோலையும் வரப்போவதில்லை. மூன்றாம் பிரிவில் ஆடும் மிகப் பெரும்பாலோருக்கு, நான்காம் ஆண்டின் கடைசி ஆட்டமே வாழ்நாளின் கடைசி ஆட்டம். அதன் பிறகு அவர்கள் ஆசிரியராக, கணக்காளராக, பொறியாளராக வேலைக்குப் போய்விடுவார்கள்.

மினசோட்டாவில் சனிக்கிழமை பிற்பகல் 1 மணிக்கு ஆட்டம் என்றால், செப்டம்பரில் நமக்கு ஞாயிறு விடியற்காலை 2 மணி. பல சிறு கல்லூரிகள் தங்கள் ஆட்டங்களை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புகின்றன. தூக்கம் வராத ஓர் இரவில் பார்க்க நேர்ந்தால், பந்து வைத்திருப்பவரை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் நிற்கும் அந்த ஐவரையும் பாருங்கள். வாக்குவாதத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் வலுவாக இருக்கும்.