நம்பிக்கையைச் சுமந்த சிறு பம்ப்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் நீண்டகாலம் வாடகைக்கு ஓடியதைப் பலரும் அறிவீர்கள். வெளியூரார் அவற்றை வேடிக்கையாகப் பார்ப்பார்கள். மோட்டார் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் என் கண் போவது அவற்றின் பெற்றோல் பம்ப் மீதுதான். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருளில் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பாடம் உண்டு.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் பம்ப் இருக்கவில்லை. உயரத்திலிருந்த தாங்கியிலிருந்து பெற்றோல் தானாகவே இறங்கியது. 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி இந்த வகைதான். தாங்கியில் பெற்றோல் குறைந்திருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் அது இயந்திரத்தை எட்டாது. சாரதிகள் காரைத் திருப்பி, பின்பக்கமாக மலையேற்றினார்கள்! அடுத்து வந்த 'ஒட்டோவாக்' இயந்திரத்தின் உறிஞ்சலைக் கொண்டு பெற்றோலை இழுத்தது. நீண்ட ஏற்றத்தில் அந்த உறிஞ்சலும் தளர்ந்துவிடும். தேவை மிகும் நேரத்தில் கைவிடும் பொருளை யார் நம்பி வாங்குவார்கள்?

இதற்குத் தீர்வாக வந்தவைதான் டயபிரம் பம்ப்கள். ஏ40இல் இருந்தது இயந்திரத்தோடு சேர்ந்து இயங்கும் வகை. மொறிஸ் மைனரில் இருந்தது எஸ்.யூ. நிறுவனத்தின் மின் பம்ப். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடிக்கும். காபரேட்டர் நிறைந்ததும் தானே நின்றுவிடும். இந்த நிறுவனத்தை ஆரம்பித்த ஸ்கின்னர் சகோதரர்கள் பாதணி வியாபாரக் குடும்பத்தினர். அவர்களுடைய முதல் காபரேட்டரில் தோலினாலான துருத்தியே இருந்தது. கைத்தொழில் மாறினாலும் கையிலிருந்த அனுபவம் உதவியது.

இந்தப் பம்ப்களும் பழுதாகும். டயபிரம் கிழியும், பொயின்ற் கருகும், வெயிலில் பெற்றோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காது. ஆனால் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். பழுதான துண்டை மட்டும் மாற்றலாம். பொயின்ற் ஒட்டிக்கொண்டால் ஒரு தட்டுத் தட்டினாலே பல வேளைகளில் மீண்டும் அடிக்கும்.

இதன் பெறுமதி 1990களின் முதற்பாதியில் தெரிந்தது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிய உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு அந்தப் பழைய கார்தான் கதி. திறந்து திருத்த முடியாத பம்ப் என்றால் கார் கொட்டிலிலேயே கிடந்திருக்கும்.

இன்று என் கடைக்கு வருபவர்களிடம் நான் இரண்டு டயபிரங்களைக் காட்டுவேன். ஒன்று விலை குறைவு. சில மாதங்களில் விறைத்துவிடும். மற்றது விலை கூட, வருடக்கணக்கில் உழைக்கும். வித்தியாசத்தை வாய்திறந்து சொல்லிவிட்டே விற்கிறேன். சொல்லாமல் விற்றால் அன்றைய இலாபம் கூடலாம். ஆனால் நடுவழியில் கார் நின்ற வாடிக்கையாளர் அடுத்த தடவை பக்கத்துக் கடைக்குத்தான் போவார்.

எந்தப் பொருளை விற்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது தேவைப்படும் நேரத்தில் உழைக்குமா? பழுதானால் திருத்த முடியுமா? அதற்கான சிறு துண்டு நம்மிடம் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய கடைக்கு விளம்பரப் பலகை பெரிதாகத் தேவைப்படாது.