புல்வெளிகளின் வளத்தை அளந்தறிதல்

கால்நடைச் செல்வத்தில் நமது நாடு முன்னணியில் உள்ளது என்பதை யாவரும் அறிவர். ஆனால் அக்கால்நடைகளைத் தாங்கும் புல்வெளிகளின் நிலை உயர்கிறதா, தாழ்கிறதா என்பதை அறிய முறையான அளவீடு தேவை. குஜராத் மாநிலம் கச்சு மாவட்டத்திலுள்ள பன்னி புல்வெளி இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னி, பெரிய ரண் உவர்நிலத்தை அடுத்துள்ளது. மால்தாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் இங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 2010-இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்ட பன்னி எருமை அவர்களது உழைப்பின் பயனாகும். உவர்நிலம் பரவுவதைத் தடுக்கும் நோக்குடன் 1960-களில் இங்குச் சீமைக்கருவேலம் நடப்பட்டது. அதன் நெற்றுகளைக் கால்நடைகள் தின்ன, சாணத்தின் வழியே விதைகள் பரவின. புல் இருந்த இடங்களில் முட்புதர்கள் பெருகின.

இத்தகைய மாற்றத்தை அறிய இரண்டு அளவுகள் இன்றியமையாதவை. முதலாவது, தாவரப் போர்வை. அதாவது நிலப்பரப்பில் எத்தனை விழுக்காடு தாவரங்களால் மூடப்பட்டுள்ளது என்பது. அளவு நாடாவை நிலத்தில் விரித்து, சம இடைவெளியில் 100 புள்ளிகளை நோக்க வேண்டும். 35 புள்ளிகளில் தாவரம் இருப்பின் போர்வை 35 விழுக்காடு. எந்தத் தாவரம் என்பதையும் குறித்தல் அவசியம். பல்லாண்டுப் புற்கள் குறைந்து ஓராண்டுப் புற்கள் மிகுவது நிலம் நலிவதன் அறிகுறியாகும்.

இரண்டாவது, உற்பத்தித் திறன். பருவமழையின் முடிவில் ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்திற்குள் உள்ள புல்லை அறுத்து, உலர்த்தி, எடை காண்பர். சராசரி 120 கிராம் எனில் ஹெக்டேருக்கு 1,200 கிலோகிராம் ஆகும். மறுவளர்ச்சிக்காகப் பாதியை விட்டுவைத்தால் எஞ்சுவது 600 கிலோகிராம். நாளொன்றுக்கு 10 கிலோகிராம் உலர் தீவனம் உண்ணும் எருமைக்கு அது 60 நாட்களுக்குப் போதும். மேய்ச்சலில் இழந்ததையும் கணக்கிட, சில இடங்களை முன்னதாகவே வேலியிட்டுக் காத்தல் வேண்டும்.

பரந்த நிலத்தை முழுவதும் இவ்வாறு அளத்தல் இயலாது. இங்கே செயற்கைக்கோள் துணை புரிகிறது. பசுந்தழை சிவப்பு ஒளியை உட்கொண்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்புகிறது. இவ்விரு அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கும். 1988-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதல் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் இதற்கான படங்களை வழங்கி வந்துள்ளன.

எனினும், பசுமை யாவும் தீவனமன்று. சீமைக்கருவேலம் அடர்ந்த நிலமும் படத்தில் பசுமையாகவே தோன்றும். புல் அழிந்த பின்னரும் குறியீடு உயர்ந்து, நிலம் வளமுற்றதாகக் கணக்குக் காட்டக்கூடும். எனவே மழைக்குப் பிந்தைய படத்தையும் கோடைக்காலப் படத்தையும் ஒப்பிடுதல் வேண்டும். கோடையில் புல் காய்ந்துவிடும். சீமைக்கருவேலம் பசுமை மாறாது. இவ்வேறுபாட்டைக் களத்தில் எடுத்த அளவுகளால் சரிபார்க்க வேண்டும்.

ஓராண்டின் அளவு மழையின் கதையையே கூறும். அதே இடங்களில் பல ஆண்டுகள் எடுத்த அளவே நிலத்தின் கதையைக் கூறும். புற்களின் பெயரும் குணமும் அறிந்த மேய்ப்பர்களை இப்பணியில் பங்கேற்கச் செய்தால், கணக்கும் செம்மையுறும். அதனடிப்படையில் எடுக்கப்படும் முடிவுகளும் மக்களின் ஏற்பைப் பெறும்.