குசினியிலுள்ள காவலர்களை அறிந்துகொள்ளுங்கள்

நோன்பு மாதத்தில் ஒரு ஸஹர் நேரம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. இரவு முழுவதும் குசினி யன்னல் சாத்தியே கிடந்தது. தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிறீர்கள். உங்கள் கை முதலில் எங்கே போகிறது? லைட் சுவிட்சுக்குத்தானே!

இரவில் வாயு கசிந்திருந்தால், அந்தச் சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும், வீடு தீப்பற்ற. ஆகவே கைக்கு முன்னால் மூக்கு வேலை செய்ய வேண்டும்.

2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களை நாம் மறக்க முடியாது. நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயுக் கசிவும் வெடிப்பும் நிகழ்ந்தன. இதை ஆராய, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது. சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவை மாற்றியதே முக்கிய காரணம் என அக்குழு கூறியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் உள்ளே அழுத்தமும் கூடும். நலிந்த குழாயும் தேய்ந்த வாஷரும் அதைத் தாங்குமா?

கலவையைச் சரிபார்ப்பது நம் கையில் இல்லை. ஆனால் குசினியிலுள்ள காவலர்களைக் கவனிப்பது நம் கையில்தான் இருக்கிறது. அவர்கள் யார்?

முதலாவது, ரெகுலேட்டர். சிலிண்டரில் இருக்கும் அழுத்தத்தை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது இதுவே. இதனுள்ளே ஒரு மெல்லிய இறப்பர்த் தகடு உண்டு. அது பழுதானால் சுவாலை தாறுமாறாக எழும். ரெகுலேட்டரை ஒருபோதும் வீட்டில் கழற்றித் திருத்தாதீர்கள், புதியது வாங்குங்கள்.

இரண்டாவது, குழாயும் அதன் இரு முனைகளிலும் உள்ள கிளிப்புகளும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது, வாசனை. இந்த வாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள்.

நான்காவது, சுவாலைக் காவல். சோற்றுக் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்துவிட்டால், திறந்த அடுப்பிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். சில அடுப்புகளில் பர்னருக்குப் பக்கத்தில் சிறு உலோகக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் அதில் உண்டாகும் சிறு மின்சாரம் வாயுவின் வாயிலைத் திறந்து வைத்திருக்கும். சுவாலை அணைந்து கம்பி ஆறியதும் வாயில் தானே மூடிக்கொள்ளும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலைகள் பலவற்றிலும் இதே காவல் இருந்து வந்தது. புதிய அடுப்பு வாங்கும்போது இது உண்டா எனக் கேட்டு வாங்குங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை இணைப்புகளில் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடுங்கள். கதவு, யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெளியே வந்த பின்பே 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனை போல வீடுகள் நெருங்கிய இடங்களில் பக்கத்து வீட்டாரையும் எச்சரியுங்கள்.

இது பெண்களின் வேலை மட்டுமென்று ஆண்கள் ஒதுங்கலாகாது. பல வீடுகளில் சிலிண்டரைத் தூக்கி வந்து பூட்டுபவர்கள் அவர்கள்தானே! பூட்டிய கையே நுரையையும் தடவட்டும். இரவு படுக்கப் போகுமுன் சிலிண்டரை மூடுவது யார் பொறுப்பு என்பதை இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.