ஏன்? எப்படி?: கோலூன்றித் தாண்டுபவரை மேலே தூக்குவது எது?

2022 அக்டோபரில் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழகத்தின் ரோஸி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டினார். இன்னொரு தமிழக வீராங்கனையான வி.எஸ்.சுரேகா 2014இல் படைத்திருந்த 4.15 மீட்டர் தேசிய சாதனை முறிந்தது. ஒரே தளம் கொண்ட வீட்டின் மொட்டைமாடியைவிட அதிகமான உயரம் இது. கோல்தான் தூக்கிவிடுகிறதா?

இல்லை. கோலுக்குச் சொந்த ஆற்றல் கிடையாது, ஓட்டம்தான் முதல். ஒருவர் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால் எவ்வளவு கிடைக்கும்? வேகத்தின் வர்க்கமான 64ஐ, புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கான 19.6ஆல் வகுத்தால் சுமார் 3.3 மீட்டர். ஓடும்போதே உடலின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 4.3 மீட்டர். உடல் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை!

அப்படியானால் கோல் எதற்கு? தரையில் பதித்திருக்கும் 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டியில் முனை குத்தி நின்றதும் கண்ணாடியிழைக் கோல் வில்லாக வளைகிறது. ஓட்டத்தின் ஆற்றலைத் தனக்குள் சேமித்து, நிமிரும்போது மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. விறைப்பான கோலாக இருந்தால் ஊன்றும் அதிர்ச்சியிலேயே வேகத்தில் பெரும்பங்கு வீணாகிவிடும்.

மிச்சம் தசையின் வேலை. தலைகீழாகி, கால்களை மேலே வீசி, கடைசி நொடியில் கையால் கோலைத் தள்ளும்போது கூடுதல் ஆற்றல் சேர்கிறது. ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா 2009இல் சூரிச்சில் 5.06 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்ததும் இப்படித்தான். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு ஓட்டக்காரரின் காலும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய உடம்பும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.