பிரிக்கப்பட்ட வீட்டு வலையமைப்புக்கான அணுகல் புள்ளி

கம்பி வழியே வரும் வலையமைப்பை வைஃபையாகத் தரும் கருவி அணுகல் புள்ளி (ஆக்சஸ் பாயின்ட்) எனப்படும். வீட்டு வலையமைப்பைப் பிரித்துப் பயன்படுத்துவோர் இதை வாங்கும்போது, அந்தப் பிரிவுகளைக் கருவி காப்பாற்றுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும், வேகம் பிறகுதான்.

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அத்தகைய கேமராவும் குடும்பக் கோப்புகள் உள்ள கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தால், கேமராவுக்குள் புகுந்தவர் கணினியின் கதவையும் தட்டலாம்.

பிரிப்பதற்கு வி-லேன் என்னும் மெய்நிகர் வலையமைப்பு முறை பயன்படுகிறது. இதன் தரநிலை ஐஇஇஇ 802.1கியூ. ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட் அளவுள்ள குறிச்சொல் சேர்க்கப்படும். அதில் 1 முதல் 4094 வரை ஓர் எண் இருக்கும். குடும்பத்துக்கு 10, கேமரா முதலியவற்றுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். எந்த வைஃபை பெயரில் கருவி இணைந்ததோ அதற்குரிய எண்ணை அணுகல் புள்ளி ஒட்டி அனுப்பும். யார் யாரோடு பேசலாம் என்பதை முடிவு செய்வது ரவுட்டரின் தீச்சுவர்.

பலர் ஏமாறுவது இங்கேதான். சாதாரண வீட்டு ரவுட்டரில் உள்ள ‘விருந்தினர் வைஃபை’, அது ரவுட்டராக இயங்கும்போது பிரிவைத் தரும். அதையே அணுகல் புள்ளி முறைக்கு மாற்றினால், சில மாதிரிகளில் அந்த வசதி மறைந்துவிடும். வேறு சிலவற்றில் பெயர் மட்டும் இருக்க, விருந்தினர் நேராக முதன்மை வலையமைப்புக்குள் வந்துவிடுவார். விருந்தினர் வைஃபையில் இணைந்து வீட்டு அச்சுப்பொறியின் ஐபி முகவரியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆகவே விவரக் குறிப்பில் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி வி-லேன் எண் தரலாம் என்று தெளிவாக இருக்க வேண்டும். பழைய ரவுட்டர் சிலவற்றில் ஓப்பன்டபிள்யுஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவியும் இந்த வசதியைப் பெறலாம். மாணவர்களுக்குச் செலவில்லாத வழி.

வைஃபை பெயர்களைக் குவிக்கக் கூடாது. ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் 10 முறை தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது நேரத்தைத் தின்னும். மூன்று பெயர்கள் போதும். மலிவான கேமரா, மின்செருகி போன்றவை பெரும்பாலும் 2.4இல் மட்டுமே, அதுவும் டபிள்யுபிஏ2 பாதுகாப்பில் இயங்குபவை. குடும்பத்துக்கு டபிள்யுபிஏ3 வைத்துக்கொண்டு அவற்றின் பெயருக்கு மட்டும் பழையதை விட வசதி வேண்டும்.

பெட்டியில் அச்சிடப்படும் பெரிய வேக எண் பொதுவாக எல்லா அலைவரிசைகளின் கூட்டுத்தொகை. ஒரு கைபேசிக்கு அது கிடைக்காது. கூரையில் பொருத்துவதானால் வலைக்கம்பி வழியே மின்சாரம் பெறும் மாதிரி நல்லது. 802.3ஏஎஃப் தரநிலையில் சுவிட்ச் 15.4 வாட் வரை தரும், 802.3ஏடியில் 30 வாட். கம்பியின்றி ஒன்றையொன்று இணைக்கும் மெஷ் கருவிகளில் எல்லாமே வி-லேன் குறிச்சொல்லைக் கடத்துவதில்லை என்பதால், கம்பி இழுக்க முடிந்த வீட்டில் இழுத்துவிடுவதே மேல்.

பிரித்த மறுநாள் கைபேசியில் தொலைக்காட்சி தென்படவில்லை என்று வீட்டில் புகார் வரும். கருவிகளைக் கண்டறியும் எம்டிஎன்எஸ் செய்திகள் வி-லேனைத் தாண்டாததே காரணம். அவற்றை மறுபக்கம் கடத்தும் வசதியை ரவுட்டரில் இயக்கி, குடும்பப் பிரிவிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லத் தீச்சுவரில் அனுமதியும் தர வேண்டும். இதற்காக அணுகல் புள்ளியை மாற்றத் தேவையில்லை.