பெங்களூரின் ட்ரோஜன்ஸ்

பெங்களூரில் 1960களில் உருவான இளைஞர் இசைக்குழு ‘ட்ரோஜன்ஸ்’. அதைத் தொடங்கியவர் 1945இல் அங்கே பிறந்த பித்து. சிறுவயதில் இலங்கை வானொலி ஒலிபரப்பிய மேற்கத்தியப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். பதின்பருவத்தில் கிட்டார் பழகி, நண்பர்களைச் சேர்த்துக் குழு அமைத்தார்.

பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிரினி லோபஸ் ஆகியோரின் பாடல்களையே குழு பாடியது. பெங்களூரின் மதுக்கூடங்களிலும் மன்றங்களிலும் பெயர் பெற்றபின், கல்கத்தாவிலும் பம்பாயிலும் மேடையேறியது. பின்னர் நண்பர்கள் ஊர் திரும்பினர், குழு கலைந்தது. பித்து மட்டும் ‘லோன் ட்ரோஜன்’, அதாவது தனித்த ட்ரோஜன், என்ற பெயரில் பாடிவந்தார்.

1967இல் அவர் இங்கிலாந்து சென்றார். கார்ல் டக்ளஸ் பாட, அவர் தயாரித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1980இல் வந்த ‘குர்பானி’ இந்திப் படத்துக்கு அவர் தந்த ‘ஆப் ஜைசா கோயி’ பாடலும், நாசியா ஹசன் பாடிய ‘டிஸ்கோ தீவானே’ தொகுப்பும் இந்தியாவில் டிஸ்கோ இசையைப் பரப்பின. சில ஆண்டுகளே நீடித்த ட்ரோஜன்ஸ், உலகறிந்த ஓர் இசையமைப்பாளருக்குப் பயிற்சிக்களமாக அமைந்தது.